6,000 ரூபாயும் ஒரு பசுவும்: வெள்ள நிவாரணம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதை

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அரசாங்கத்திடமிருந்து மூன்று வகையில் பணம் வர வேண்டியிருந்தது. ஒன்று முழுசாக வந்தது. ஒன்று பாதி வந்தது. ஒன்று வேறொருவர் கணக்குக்குப் போனது. மறுபடி ஆறு பெருகும்போது யாருக்காவது உதவும் என்றுதான் மூன்றையும் பற்றி எழுதுகிறேன்.

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறார். இரண்டு பசு இருந்தது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன்.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பிடித்த மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. மேலே அணைகளிலிருந்து திறந்த தண்ணீர், காட்டாற்றுத் தண்ணீர், குளம் உடைந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து வந்தது. ஆறு கடலுக்குப் போகும் வழியில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்கும் கீழே நாங்கள். நடுராத்திரி அடுப்படிக்குள் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டு மாடிக்கு ஏறும்போது மாட்டுக் கயிறுகளை அவிழ்த்து விடத்தான் நேரம் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் வெள்ளத்தில் சிக்கி நின்றதும், ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டதும் எல்லாரும் டிவியில் பார்த்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த 6,000 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட தாலுகாக்களில் ரேஷன் கார்டுக்கு 6,000, மற்ற இடங்களில் 1,000 என்று முதலமைச்சர் அறிவித்தார். ரேஷன் கடை ஊழியர் வீடு வீடாக வந்து டோக்கன் கொடுத்தார். கால் முட்டு வரை சேறு, கையில் பிளாஸ்டிக் பைக்குள் டோக்கன் கட்டு. எங்கள் டோக்கனில் தேதியும் "முற்பகல்" என்றும் பேனாவில் எழுதியிருந்தது. ரேஷன் கடைக்குள் அரிசி மூட்டையெல்லாம் ஊறி நாறிக்கொண்டிருந்ததால் பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். என் அத்தைக்கு மெஷினில் கைரேகை விழவில்லை. வேப்பமுத்துப் பொறுக்கியே ரேகை தேய்ந்துபோன கை அது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். "ஆச்சி, இந்த நோட்டுல கைநாட்டு வைங்க, போதும்" என்று சொல்லி, பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எண்ணி அவர் கையிலேயே கொடுத்தார்கள். போய் வர முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பணத்தை வங்கிக் கணக்கில்தான் போட்டிருக்க வேண்டும் என்று பலர் பேசினார்கள். அந்த வாரம் எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். ஏடிஎம் மெஷின் தண்ணீருக்குள் இருந்து எழுந்த மாதிரி நின்றது, ரோடு அரித்துப் போயிருந்தது, போனில் சார்ஜ் இல்லை. கையில் வந்த காசில் அன்று சாயங்காலமே ஒரு கேஸ் அடுப்பு, ஒரு குக்கர், நான்கு பாய் வாங்கினோம். பத்து நாள் கழித்து எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பணத்தில்தான். என்ன போச்சு, எவ்வளவு போச்சு, சாட்சி யார் என்று ஒரு கேள்வி இல்லை. இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

குறை ஒன்று உண்டு. என் கொழுந்தன் கல்யாணம் ஆகி நாலு வருஷமாகத் தனி அடுப்பு. ஆனால் கார்டு பிரிக்கவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே 6,000. பாதியாகப் பிரித்துக்கொண்டோம். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே கார்டைப் பிரித்து வையுங்கள்.

அடுத்தது மாடு. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று கணக்கு. எங்கள் செவலைப் பசு இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கருவேலமரத்தில் சிக்கிக் கிடந்தது. காதில் போட்ட மஞ்சள் வில்லையில் இருந்த நம்பரை வைத்துத்தான் நம்ம மாடு என்று உறுதியானது. வயிறு ஊதி, பார்க்க முடியாத கோலம். கால்நடை டாக்டர் அந்தச் சேற்றில் இறங்கி வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கோடி புண்ணியம். வி.ஏ.ஓ. அறிக்கையும் சேர்ந்து, அந்தப் பணம் கணக்கில் வந்துவிட்டது.

கருப்புப் பசு கிடைக்கவே இல்லை. ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வழியாகக் கடலுக்கே போயிருக்கலாம். உடல் இல்லை என்றால் சான்று இல்லை, சான்று இல்லை என்றால் பணம் இல்லை. வீட்டுக்காரர் நான்கு தடவை அலைந்தார். "கடலுக்குப் போன மாட்டை நான் எங்கே பார்த்து எழுத?" என்று சான்று எழுத வேண்டியவர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி அப்படி. ஆனால் இரண்டு மாட்டுப் பாலும் தினமும் சொசைட்டிக்கு ஊற்றியிருக்கிறோம். டிசம்பர் 16 வரை எத்தனை லிட்டர் என்று அங்கே நோட்டு இருக்கிறது. காதுவில்லை நம்பரும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், செத்த உடலைக் காட்டு என்று ஏன் நிற்க வேண்டும்? அடித்துக்கொண்டு போகிற வெள்ளத்துக்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது. இதை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது பயிர். இதில்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிசானப் பட்டத்து நெல் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் வயலே இல்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் முழங்கால் அளவு மணல். அதில் யார் வீட்டுப் பித்தளைச் செம்போ கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் அதை எடுத்துக் கழுவி, கோயில் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். அன்றைக்கு முழுக்க அவர் பேசவில்லை.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால் பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்பது அப்போதைய கணக்கு. ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 6,900. எங்கள் ஒன்றரை ஏக்கருக்குப் பத்தாயிரம் சொச்சம் வர வேண்டும். கணக்கெடுக்க வந்தவர்கள் ஒழுங்காகத்தான் எடுத்தார்கள், வயலில் நின்று போட்டோவும் எடுத்தார்கள். ஆனால் எந்த வயலில் யார் என்ன பயிர் போட்டார்கள் என்று எழுதி வைக்கும் அடங்கல் என்ற கிராமக் கணக்கில் இருப்பது நிலத்துக்காரர் பேர். அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்கள் குத்தகை வாய்ப்பேச்சுதான், மாமனார் காலத்திலிருந்து அப்படியே. பணம் அவர் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனுஷர், போன் போட்டு விசாரித்து 5,000 அனுப்பினார். அது அவர் மனசு. விதை வாங்கி, உழுது, நட்டு, உரத்துக்கு நகை அடகு வைத்தவர்களுக்குத் திட்டத்தில் இடம் இல்லை.

குத்தகைக்காரர் பேரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் இருக்கிறது. பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம், கேட்டால் குத்தகையே போய்விடும் என்று நமக்குப் பயம். வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் அள்ளுவதற்கு ஹெக்டேருக்கு 18,000 வரை சிறு விவசாயிகளுக்குக் கொடுக்கலாம் என்று அப்போதைய மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதியிலும் இருந்ததாம். இது எனக்குத் தெரிய வந்தபோது டிராக்டருக்குக் கடன் வாங்கிப் பாதி மணலை அள்ளி முடித்திருந்தோம். இதையெல்லாம் டோக்கன் கொடுக்கும்போதே ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கலாமே.

என் தையல் மெஷின் எந்தக் கணக்கிலும் வரவில்லை. பாபினைக் கழற்றினால் உள்ளே களிமண் கெட்டியாக இருந்தது. தென்னை ஈர்க்கால் நோண்டி நோண்டி எடுத்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மூன்றாம் நாள் ஓட வைத்தேன். இப்போதும் கனமான துணி என்றால் நூல் அறுக்கிறது.

ஆவணம் தொலைந்தவர்களுக்கு நடத்திய சிறப்பு முகாமைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாமல் முடிக்கக் கூடாது. பந்தல் போட்டு ஆதாருக்கு ஒரு மேசை, ரேஷன் கார்டுக்கு ஒரு மேசை, பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு மேசை. காசு வாங்கவில்லை. என் மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கூழாகிப் போயிருந்தது. அதைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். எழுதிக்கொண்ட பெண் அந்தக் கூழைப் பார்த்துவிட்டு, "அழாதே கண்ணு, புதுசு வரும்" என்றாள். வந்தது.

மதிப்பெண் கேட்டால், 6,000 ரூபாய் கொடுத்த விதத்துக்குப் பத்துக்கு ஒன்பது போடுவேன். முகாமுக்கும் அப்படியே. மாட்டுக்கு ஐந்து. பயிருக்கு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை.

மாட்டுப் பணத்தில் ஒரு பசு வாங்கினோம். ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்காரர் அதைத் தொழுவத்தில் நிறுத்தி, காதுவில்லை நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, வயல் வரப்பில் நின்று ஒரு போட்டோ, குத்தகை கொடுத்த ரசீதை விரித்து வைத்து ஒரு போட்டோ எடுக்கிறார். எல்லாவற்றையும் பாளையங்கோட்டையில் இருக்கும் என் தங்கச்சி போனுக்கு அனுப்பிவிடுகிறார். எங்கள் போன் தண்ணீரில் போனாலும் அவளிடம் இருக்கும்.