ஆத்தங்குடி கல், பழைய கதவு, செங்கல் சுவர்: ஏழு வருடம் கழித்து

வீடு கட்டத் தொடங்கியபோது என் கைப்பேசி முழுக்க ‘மாடர்ன் ரஸ்டிக்’ படங்கள். பூசாத செங்கல், முடிச்சு தெரியும் மர மேசை, கம்பளி விரிப்பு, கணப்பு அடுப்பு. ஒரு படத்தில் சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக் கிடந்தது. நாங்கள் இருப்பது திருச்சியில். சித்திரை வெயிலில் கம்பளியை எங்கே விரிக்கப் போகிறீர்கள் என்று மனைவி கேட்ட பிறகுதான் புத்தி வந்தது. காரைக்குடி இரண்டு மணி நேரத் தூரம். கூடத்துக்கும் அடுக்களைக்கும் அதன் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல், வாசலுக்குப் பழைய தேக்குக் கதவு, ஒரு மரத்தூண், ஒரு செங்கல் சுவர் என்று முடிவு செய்தோம். மற்றதெல்லாம் எல்லாரும் கட்டும் வீடுதான். 2018 தையில் குடிவந்தோம்.

ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே வேறு பூச்சு எதுவும் கிடையாது. பட்டறையில் நின்று இதை முழுக்கப் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை. கல் பதிக்க வந்த கொத்தனார் பெரியவர், உமியைப் போட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டே, “தம்பி, எலுமிச்சம்பழம் மட்டும் கீழே படாம பாத்துக்கங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன்.

புதுமனை புகுவிழா அன்று அம்மா எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து, குங்குமம் தடவி, வாசற்படிக்கு உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் கவிழ்த்து வைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் இரண்டு வட்டம். அமிலம் சிமென்டைத் தின்றிருந்தது. குங்குமச் சிவப்பு ஓரிரு மாதத்தில் போய்விட்டது, வட்டம் போகவில்லை. கை வைத்தால் அந்த இடம் மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஒளி சாய்வாக விழும் காலை நேரத்தில் இப்போதும் தெரியும்.

அந்த வட்டங்களைப் பார்த்த பிறகாவது அடுக்களைத் தரையைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். புளிக்கரைசல், மோர், ரசம் என்று சிந்தாத நாள் உண்டா? மூன்றே வருடத்தில் அடுப்படிக்கு முன்னால் பூக்கள் மங்கி, வெளிறிய தீவுகள் வந்துவிட்டன. பெயர்த்துவிட்டு, சாதாரண விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டோம். அதற்கு மச்சான் சிரித்தது தனிக்கதை.

ஆனால் கூடம்! முதல் வருடம் அங்கங்கே வெள்ளையாகப் பூத்து வயிற்றைக் கலக்கியது. துடைக்கத் துடைக்க அடங்கிவிட்டது. அப்புறம் வருடத்துக்கு வருடம் மெருகு ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. வாரம் ஒருமுறை, ஒரு வாளித் தண்ணீருக்கு பாட்டில் மூடி அளவு தேங்காய் எண்ணெய், நன்றாகப் பிழிந்த துணி. அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினோம். தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு உள்ளங்கால் கறுத்தது, வழுக்கவும் செய்தது. கழிப்பறைக்கு வாங்கும் ஆசிட் பாட்டில் கூடத்துப் பக்கமே வரக்கூடாது. சொல்ல மறந்தேன்: கல் வாங்கும்போது நாற்பது கூடுதலாக வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினேன். கையால் செய்வதால் அடுத்த முறை அதே பச்சை கிடைக்காது. இதுவரை ஆறு கல் மாற்றியிருக்கிறோம். பதிக்கும் கூலி கல்லின் விலையைக் கிட்டத்தட்டத் தொட்டது. அதையும் கணக்கில் வையுங்கள்.

கதவு பற்றிக் குறையே இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை இரண்டு நாள் சுற்றி எடுத்தது. நிலை குட்டை. ஆறடி உறவினர்கள் குனிந்துதான் வருகிறார்கள், ஒருவர் இரண்டு முறை இடித்துக்கொண்டார். ஐப்பசி மழையிலும் இறுகாமல் மூடுகிறது. புதிதாகச் செய்த வேப்பமரச் சன்னல்கள் ஊறிப்போய்த் திறக்க மாட்டேன் என்கிற அதே மழையில்தான்.

தூணில்தான் ஏமாந்தேன். தேக்கு என்று சொல்லி விற்றார்கள். இரண்டாம் வருடம் அடியில் சப்பாத்தி மாவு போல மஞ்சள் பொடி. பெருக்கினால் மறுநாள் மறுபடி. குனிந்து பார்த்தால் குண்டூசி முனை அளவில், பூச்சி துளைத்த ஓட்டைகள். ஆசாரி வந்து ஓரத்தில் சுரண்டிக் காட்டினார்: மேலே கறுப்புச் சாயம், உள்ளே ஏதோ வெளிர் மரம். ஊசியால் ஓட்டை ஓட்டையாக மருந்து ஏற்றி மெழுகு வைத்து அடைத்தார். இப்போது பொடி இல்லை. அந்தத் தூண் எந்தப் பாரத்தையும் தாங்கவில்லை, அழகுக்குத்தான் நிற்கிறது என்பதால் பிழைத்தோம்.

செங்கல் சுவரை மறுபடி செய்வேனா என்றால், மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஈரம் செங்கலில் இருக்கும் உப்பைக் கரைத்து இந்தப் பக்கம் கொண்டுவந்து தள்ள, அடியிலிருந்து மூன்றடிக்கு வெள்ளையாகப் பூத்தது. தண்ணீர் விட்டுக் கழுவினேன். உப்பு உள்ளே போய்த் திரும்பி வந்தது. வார்னிஷ் அடித்தேன், அது செதில் செதிலாக உரிந்தது. கடைசியில் குழாய்க் கசிவை நிறுத்தி, காயவிட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, அந்த மூன்றடியைச் சுண்ணாம்பால் பூசிவிட்டோம். மேலே இருக்கும் மீதி பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு இடுக்கிலும் ஒட்டடை. துடைப்பது நான்.

மஞ்சள் விளக்குகள் நன்றாக இருக்கின்றன, படிக்க மட்டும் தனி விளக்கு வேண்டும். சணல் விரிப்பு மழைக்காலத்தில் நாற்றமெடுத்ததால் மொட்டைமாடிக்குப் போனது. அந்த இடத்தில் கோரைப்பாய் கிடக்கிறது. மதியத் தூக்கம் அதில்தான்.

சிரித்த அதே மச்சான் இப்போது வீடு கட்டுகிறார். கூடத்துக்கு ஆத்தங்குடி கல்தான் வேண்டுமாம், கொத்தனார் நம்பர் கேட்டார். வருகிற சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் நாங்கள் தரை துடைக்கும் நாள்.