செயின்ட் ஹெலினா தீவுக்கு எது சரி: பழைய கப்பலா, புது விமானமா?

நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்த தீவு என்றால் எல்லோருக்கும் தெரியும். 1821-ல் அவர் செத்ததோடு அந்தத் தீவின் கதையும் முடிந்த மாதிரிதான் நாம் பள்ளியில் படித்தோம். ஆனால் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு அட்லாண்டிக் நடுவே, பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட அந்தத் தீவில் இன்றைக்கும் சுமார் 4,400 பேர் குடியிருக்கிறார்கள். வெளியூர் போய்வர அவர்களுக்கு 2017 வரை கப்பல், அதற்குப் பிறகு விமானம். விமானம் வந்தது வீண்செலவு என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

முதலில் கப்பல். 1990-ல் சேவைக்கு வந்த ஆர்.எம்.எஸ். செயின்ட் ஹெலினா 150 பேருக்குக் கொஞ்சம் அதிகமாக ஏற்றியது. கேப் டவுனிலிருந்து ஐந்து இரவு, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஆள், தபால், கார், சிமெண்ட், உருளைக்கிழங்கு என்று எல்லாம் ஒரே கப்பலில் வந்து இறங்கும். மூட்டை முடிச்சுகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட வசதி இருந்ததில்லை. ஆனால் லண்டனில் வேலை பார்க்கும் மகன் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினால், அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து அப்புறம் ஐந்து இரவும் கழிந்து வந்துசேர்வதற்குள் அடக்கமே முடிந்திருக்கும். கப்பல் கரையையும் ஒட்டாது. விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிற்கும், சிறு படகில் தலைநகர் ஜேம்ஸ்டவுனின் படித்துறைக்கு வந்து, அலை தூக்குகிற நேரம் பார்த்துத் தொங்கும் கயிற்றைப் பிடித்துத் தாவவேண்டியிருந்தது.

விமான நிலையத்துக்கு ஆன செலவு 28 கோடி பவுண்டுக்கும் மேல். தலைக்குக் கணக்குப் போட்டால் 60,000 பவுண்டைத் தாண்டுகிறது, எல்லாம் பிரிட்டிஷ் வரிப்பணம். ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி நிரப்பி 1,950 மீட்டர் ஓடுபாதை போட்டார்கள். ஏப்ரல் 2016-ல் ஒரு போயிங் 737 சோதனைக்கு வந்தது, செங்குத்துப் பாறை ஓரம் திடீர் திடீரென்று திசை மாறும் காற்றில் தடுமாறித்தான் இறங்கியது. திறப்பு விழா தள்ளிப்போனது, 'உலகிலேயே உதவாத விமான நிலையம்' என்று லண்டன் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. கடைசியில் அக்டோபர் 2017-ல் தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் நிறுவனம் சின்ன எம்ப்ரேயர் விமானத்தை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வாரம் ஒருமுறை விட ஆரம்பித்தது. அதிலும் எல்லா இருக்கையையும் நிரப்ப முடியவில்லை, முதலில் 76 பேர்தான். காற்று ஒரு காரணம். இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு ஓடுபாதை கிடையாது, திரும்பிப் போக எண்ணெய் சுமந்தே வரவேண்டும் என்பது இன்னொன்று.

இந்தச் செலவை நியாயப்படுத்த பிரிட்டிஷ் அரசு சொன்ன காரணம் சுற்றுலா. வருஷத்துக்கு முப்பதாயிரம் பேர் வரைகூட வருவார்கள், தீவு சொந்தக் காலில் நிற்கும் என்றார்கள். ஆரம்பித்த மாதிரி வாரத்துக்கு ஒரு சின்ன விமானம் அந்த 76 பேரோடு வந்தாலும் வருஷத்துக்கு நாலாயிரம் பேர்தானே வருகிறது, முப்பதாயிரத்துக்கு எங்கே போவது? இந்த இடத்தில் விமர்சகர்கள் சொல்வது சரி.

ஆனால் என்னைக் கேட்டால் ஆஸ்பத்திரியிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கவேண்டும். தீவில் இருப்பது ஒரே ஒரு ஆஸ்பத்திரி. அங்கே முடியாத நோயாளியைத் தென்னாப்பிரிக்காவுக்குத்தான் அனுப்பியாகவேண்டும். முன்பு அதற்கும் கப்பல் வரவேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் போகும் ஏதாவது சரக்குக் கப்பலைக் கெஞ்சித் திருப்பவேண்டும். பயணிகள் விமானமே வராத 2016-லேயே மருத்துவ விமானங்கள் அந்த ஓடுபாதையில் இறங்கி நோயாளிகளை ஏற்றிப்போயின. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ஐந்து இரவுக் கடல் பயணம் எங்கே, சில மணிநேரம் எங்கே?

சாமான் விஷயத்தில் கப்பலை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழைய கப்பல் 2018 பிப்ரவரியில் ஓய்வுபெற்றதும் எம்.வி. ஹெலினா என்ற சரக்குக் கப்பல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சரக்குக் கப்பல் தாமதமானால் கடை அலமாரி காலியாகும், விமானத்தில் வரும் கொஞ்சநஞ்சம் அந்த ஓட்டையை அடைக்காது. 

ஆக, ஆளுக்கு விமானம், பொருளுக்குக் கப்பல். கப்பலில் சொந்தக்காரன் வீட்டுக்குப் போகிற மாதிரி ஐந்து நாள் அரட்டையோடு போன சுகம் போச்சு என்று புலம்புகிறவர்கள் உண்டு. ஊர் சுற்ற வந்தவர்களுக்கு அது பெரிய இழப்புதான், வயிற்றுவலியோடு கிடப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இதை அப்படியே டிரிஸ்டன் டா குன்யாவுக்கும் நீட்டவேண்டாம். அதே பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில் இன்னும் தெற்கே இருக்கிற அந்தத் தீவில் 250 பேர்கூட இல்லை, கேப் டவுனிலிருந்து கப்பலில் ஒரு வாரம் ஆகும், ஊருக்குப் பின்னால் எரிமலை. அங்கே துறைமுகம் ரொம்பச் சின்னது, கடல் கொந்தளித்தால் வந்த கப்பலும் வெளியே நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். ஓடுபாதைக் கனவை விட்டுவிட்டு அந்தத் துறைமுகத்துக்குச் செலவழித்தாலே போதும்.