அரண்மனைக்குள் ஒரு குழந்தை: வியன்னாவின் ஷோன்ப்ரூனும் நம் பெங்களூரும்

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. போன கோடை விடுமுறைக்கு, தம்பி வேலை பார்க்கும் வியன்னாவுக்குப் போய் மூன்று வாரம் தங்கிவிட்டு வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பெரியவள் ஆரம்பித்துவிடுவாள்: "அம்மா, நம்ம பெங்களூர்ல அந்த மாதிரி அரண்மனை இல்லையா?"

"அந்த மாதிரி" என்று அவள் சொல்வது ஷோன்ப்ரூன் அரண்மனையின் தரைத்தளத்தில் இருக்கும் குழந்தைகள் அருங்காட்சியகத்தை. மேலே இருக்கும் தங்க முலாம் பூசிய அறைகள் அவளுக்கு மறந்தே போய்விட்டன. இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு மாதமாக அல்சூரிலிருந்து கிளம்பி மூன்று இடங்களுக்குப் போய்வந்தோம்: வசந்த நகரில் இருக்கும் பெங்களூர் அரண்மனை, கே.ஆர். மார்க்கெட் பக்கம் இருக்கும் திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை, கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். பிள்ளைகளோடு எங்கே போவது என்று யோசிக்கும் நம் வீடுகளுக்கு உதவுமே என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஷோன்ப்ரூன். அது ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கோடைக்கால மாளிகை. 1,441 அறைகள். பெரியவர்களுக்கான சுற்றில் நடந்தபோது ஐந்தாவது அறையிலேயே சின்னவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாமே கயிற்றுக்கு அந்தப் பக்கம். கண்ணாடி, கடிகாரம், திரைச்சீலை, எதுவும் அவனுக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் தனி டிக்கெட் எடுத்து குழந்தைகள் பகுதிக்குப் போனோம். அங்கே கதையே வேறு.

அங்கே மையத்தில் இருப்பது அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். என்ன விளையாடினார்கள், என்ன உடுத்தினார்கள், எப்படிக் குளித்தார்கள், சாப்பாட்டு மேசையில் எப்படி உட்கார வேண்டும் என்று யார் யார் அவர்களைப் படாத பாடு படுத்தினார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. மகள் டி-சர்ட்டுக்கு மேலேயே ஓர் இளவரசி கவுனை மாட்டிக்கொண்டாள். தலையில் பொய்முடி. இரண்டு நிமிடம் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். மூன்றாவது நிமிடம், "உள்ள புழுங்குதும்மா" என்றாள். பாவாடை அகலமாக விரிந்து நின்றதால் கையை உடம்போடு ஒட்டித் தொங்கவிட முடியவில்லை. இரண்டு கையையும் சற்றுத் தூக்கியபடியே நடந்தாள். "தினமும் இப்படியேவா இருந்தாங்க?" என்று கேட்டாள். அந்தப் பொய்முடிக்கு அந்தக் காலத்தில் மாவுப்பொடி தூவுவார்கள் என்று சொன்னதும் உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

இளவரசியாக இருப்பது சுகமில்லை என்பதை அவளுக்கு நான் சொல்லவே இல்லை. அந்த கவுன் சொல்லிவிட்டது. தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகம் என்று எதைச் சொல்வார்கள் என்று கேட்டால் இந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் காட்டுவேன்.

அப்புறம் அரச விருந்துக்கு மேசை அடுக்கும் இடம். கத்தி எந்தப் பக்கம், முட்கரண்டி எந்தப் பக்கம், கோப்பை எங்கே. வீட்டில் கையால் பிசைந்து சாப்பிடும் இரண்டும் அரை மணி நேரம் அதை அடுக்கின. விசிறியை எப்படிப் பிடித்தால் என்ன அர்த்தம் என்று கற்றுக்கொள்ளவும் ஒரு மூலை. ராணி மரியா தெரேசாவுக்குப் பதினாறு பிள்ளைகள். அதில் பதினைந்தாவதாகப் பிறந்த பெண்ணைப் பதினான்கு வயதிலேயே, 1770-இல், பிரான்சுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள்தான் பின்னாளில் பிரான்சின் ராணி மேரி அன்டுவானெட். 1762-இல் இசைமேதை மொசார்ட் இதே மாளிகையில் வாசித்துக் காட்டியபோது அவனுக்கு ஆறு வயது. தம்பி இதைச் சொன்னபோது சின்னவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "மாமா, எனக்கு அடுத்த வருஷம்" என்றான்.

குறையும் உண்டு. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை. விடுமுறை நாளில் கவுன் மாட்டும் இடத்தில் வரிசை நிற்கிறது. ஆனால் ஓர் அரண்மனையைக் குழந்தை எந்தக் கதவு வழியாக நுழைந்து பார்க்கும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இனி நம் ஊர்.

பெங்களூர் அரண்மனை பார்த்ததுமே பிள்ளைகளைக் கவர்ந்துவிடும். கொடி படர்ந்த சுவர், கோட்டைபோல கோபுரங்கள், இங்கிலாந்து டியூடர் பாணி. கதைப் படங்களில் வருகிற அரண்மனை இப்படித்தான் இருக்கும் என்பதால் சின்னவன் வாசலிலேயே ஓட ஆரம்பித்தான். உள்ளே ஆடியோ கைடு தருகிறார்கள். பெரியவர்களுக்கு நன்றாகவே இருக்கிறது. எட்டு வயதுக்கு அதன் பேச்சு நீளம். என் அப்பா மட்டும் கடைசிவரை காதில் வைத்துக் கேட்டபடி பின்னாலேயே வந்தார். வேட்டையாடிய யானையின் தலை ஒன்று சுவரில் இருக்கிறது. யானைக் காலில் செய்த இருக்கைகளும் உண்டு. சின்னவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மிச்ச யானை எங்கம்மா?" என்று கேட்டான். ஐந்து வயதுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போவது நல்லது.

இந்த வீட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. ரெவரண்ட் காரெட் என்ற பள்ளி முதல்வருடைய இடம் இது. மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1868-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்கு ஐந்து வயது. அந்தச் சிறுவன் பெங்களூரில் தங்கிப் படிக்கவும் ஆட்சி பழகவும் ஒரு வீடு வேண்டும் என்று ஆங்கிலேயப் பாதுகாவலர்கள் அந்தச் சிறுவனின் சொந்தப் பணத்திலேயே இந்த இடத்தை வாங்கினார்கள். ஆட்சி அவர் கைக்கு வந்தது 1881-இல். அதாவது, நாம் அண்ணாந்து பார்க்கும் இந்தக் கோபுரங்களுக்குக் காரணமே ஒரு பள்ளிக்கூடப் பையன். ஷோன்ப்ரூனுக்குக் கூட இப்படி ஒரு தொடக்கம் கிடையாது. ஆனால் உள்ளே நடக்கும் குழந்தைக்கு அந்தப் பையன் கண்ணில் படுவதில்லை. தர்பார் மண்டபமும் ஓவியங்களும் வேட்டைப் பரிசுகளும்தான் படுகின்றன.

திப்புவின் கோடைக்கால அரண்மனை இதற்கு நேர் எதிர். சின்னது, அடக்கமானது. முக்கால் மணி நேரத்தில் சுற்றிவிடலாம். ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, திப்பு 1791-இல் முடித்தது. கல் பீடத்தின் மேல் நிற்கும் தேக்குத் தூண்கள், வளைவு வளைவாக மரவேலை, மாடியில் இரண்டு பக்கமும் உப்பரிகை. வர்ணம் பெரும்பாலும் மங்கிவிட்டது. சில இடங்களில் பூவேலை மிச்சம் இருக்கிறது. மகள் ஒரு தூணின் அருகே மூக்கு உரசும் தூரத்தில் நின்று, "அம்மா, இது மரமா! நான் கல்லுன்னு நெனச்சேன்" என்றாள். வெளியே மார்க்கெட்டின் இரைச்சல், உள்ளே புல்வெளி, மரவாசனை. அப்பாவுக்கு நான்கு இடங்களிலும் மிகவும் பிடித்தது இதுதான்.

கீழே சின்ன அருங்காட்சியகத்தில் திப்புவின் புலி பொம்மையின் நகல் இருக்கிறது. அசல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்துப் போனது. ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் புலி பாய்ந்து கிடக்கும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் துருத்தி காற்றை ஊதும், புலி உறுமும், சிப்பாய் முனகுவான், அவன் கை மேலும் கீழும் அசையும். இதை நான் சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "சுத்திப் பார்க்கலாமா?" முடியாது. பார்க்க மட்டும்தான். சுழற்றி விளையாடுகிற மாதிரி இன்னொரு நகல் மட்டும் அங்கே இருந்தால், பெங்களூர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் வந்து இறங்குவார்கள். ஷோன்ப்ரூனின் கவுனுக்கு நம்மிடம் இருக்கும் பதில் இந்தக் கைப்பிடிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கேயும் பிள்ளைகளின் கதை ஒன்று இருக்கிறது. இந்த மாளிகை முடிந்த அதே 1791-இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. மறு வருடம் உடன்படிக்கை. திப்பு 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தர வேண்டும், கொடுத்து முடிக்கும்வரை இரண்டு மகன்களைப் பணயமாக ஒப்படைக்க வேண்டும். பத்து வயதை ஒட்டிய அந்த இரண்டு பிள்ளைகளும் நம் சென்னைக்குத்தான் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பி வந்தது 1794-இல். உப்பரிகையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது மகள் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது தம்பி கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள்.

விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் அரண்மனை இல்லை. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் அதை விட முடியாது. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று நம் ஊரில் குழந்தைக்குச் சொல்லும் இடம் அது. கப்பன் பார்க் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். விஸ்வேஸ்வரய்யா மறைந்த அதே 1962-இல் நேரு திறந்துவைத்த கட்டடம். அசையும் டைனோசர் உண்டு, பெரிய பெரிய இன்ஜின்கள் உண்டு, ரைட் சகோதரர்களின் விமானம் அசல் அளவிலேயே நிற்கிறது. பட்டனை அழுத்தலாம், சக்கரத்தைச் சுழற்றலாம், கயிற்றை இழுக்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. ஊருக்குப் போகும் வழியில் ஒரு பழைய மாளிகையில் தூணைத் தொட்டதற்குக் காவலர் போட்ட சத்தத்தில் சின்னவன் பயந்து போயிருந்தான். அந்தப் பயம் இங்கேதான் தெளிந்தது. நெம்புகோல் எப்படி வேலை செய்கிறது என்று அவன் கை தெரிந்துகொண்டது. ஆனால் இரவு படுக்கும்போது கேட்டது திப்புவின் பிள்ளைகளைப் பற்றித்தான்: "அவங்க சென்னைல யார் கூட தூங்குனாங்க?"

சரி, எங்கே போகலாம்? ஒரே ஒரு ஞாயிறுதான் கையில் இருக்கிறது, பிள்ளைக்கு ஏழு வயதுக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விஸ்வேஸ்வரய்யா. எட்டிலிருந்து பன்னிரண்டு என்றால், கதை சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால், நான் திப்புவின் அரண்மனையைச் சொல்வேன். காலையிலேயே போய்விடுங்கள். பக்கத்துப் பூ மார்க்கெட்டும் கோட்டை வெங்கடரமண சுவாமி கோயிலும் சேர்ந்துகொள்ளும். பெங்களூர் அரண்மனை பார்க்க அழகுதான், ஆனால் முன்கூட்டியே கதை தெரியாமல் போனால் குழந்தைக்கு அது சுவரும் படமும்தான். வியன்னாவுக்குப் போக வாய்ப்பு உள்ளவர்கள் ஷோன்ப்ரூனில் மேல்மாடியைக் குறைத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

ஆடையும் பொய்முடியும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்மிடம் வேறு சரக்கு இருக்கிறது. திப்பு இறந்த 1799-இல் மைசூர் பட்டத்தில் உட்காரவைக்கப்பட்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கும் அப்போது ஐந்து வயதுதான். அவர் வளர்ந்த பிறகு விளையாட்டுகளிலேயே ஊறியவர். புதுப்புது பலகை விளையாட்டுகளை உருவாக்கினார், சதுரங்கக் குதிரையை வைத்துப் புதிர்கள் போட்டார், கஞ்சிஃபா என்ற பழைய சீட்டு விளையாட்டை வளர்த்தார். அந்தச் சீட்டை ஒரு குழந்தை கையில் பிடித்து ஆடவும், நம் பல்லாங்குழியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும், வெட்பாலை மரத்தில் அரக்கு ஏற்றும் சென்னபட்டணம் பொம்மைக்காரர் முன்னால் உட்காரவும் ஓர் அரண்மனையில் இரண்டு அறை போதும்.

போன வாரம் பெங்களூர் அரண்மனைக்கு இரண்டாவது முறை போனோம். இந்தத் தடவை பஸ்ஸிலேயே கதையைச் சொல்லிவிட்டேன். தர்பார் மண்டபத்து வாசலில் சின்னவன் நின்றான்.

"அந்த ராஜாவுக்கும் அஞ்சு வயசாம்மா?"

"பட்டம் கட்டினப்போ அஞ்சு."

"அப்போ ஸ்கூலுக்குப் போகணுமா?"

"படிக்கணும்ல? அதுக்குத்தானே இந்த வீட்டையே வாங்கினாங்க."

அவன் கொஞ்ச நேரம் அந்தக் கூரையையே பார்த்தான். அப்புறம் என் கையை விட்டுவிட்டு, அக்காவையும் தாத்தாவையும் முந்திக்கொண்டு, தானே முதல் ஆளாக உள்ளே போனான்.