தி.நகர் என்று சொல்லி மேடவாக்கத்தில் இறக்கிவிட்ட கதை

நேற்று மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர் போனை என் பக்கம் திருப்பினார். அரையாண்டு லீவில் குடும்பத்தோடு சென்னை போகிறார்களாம். நந்தனம் புத்தகக் கண்காட்சியையும் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். "அக்கா, இந்த ரூம் எப்படி இருக்கு பாருங்க. தி.நகர்லயே இருக்கு, வாடகையும் பரவாயில்ல."

நீலத் திரைச்சீலை. டிவிக்குக் கீழே ஒரு பித்தளை நடராஜர். ஜன்னலுக்கு வெளியே தென்னங்கீற்று. எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அந்த ரூமுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் 6,400 ரூபாய் கட்டியவள் நான். ஒரு தடவைகூட உள்ளே கால் வைத்ததில்லை, அவ்வளவுதான். இப்போது பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

இந்த வருஷம் (2024) ஆயுத பூஜை அக்டோபர் 11 வெள்ளி, விஜயதசமி சனி, அப்புறம் ஞாயிறு. சேர்ந்தாற்போல் மூன்று நாள். கோவில்பட்டியிலிருந்து நான், வீட்டுக்காரர், அத்தை, இரண்டு பிள்ளைகள். அத்தைக்கு நவராத்திரி சமயத்தில் கபாலீஸ்வரர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பையனுக்கு எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் திமிங்கில எலும்புக்கூடு. எனக்குத் தீபாவளி ஜவுளி. 31ஆம் தேதி தீபாவளி என்பதால் ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று தெரியும், ஆனாலும் ஆசை விடவில்லை.

முடிவு எடுத்ததே செப்டம்பர் கடைசியில். அப்போதெல்லாம் ரயிலுக்கு 120 நாள் முன்பே ரிசர்வேஷன் திறந்துவிடும் (நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள்). முத்துநகர், நெல்லை எல்லாமே வெயிட்டிங் லிஸ்ட். சரி என்று பஸ்ஸில் போட்டோம். ரூமுக்கு வீட்டுக்காரர் சொன்னது எழும்பூர் ஸ்டேஷன் எதிரே கென்னட் லேனில் ஏதாவது பழைய லாட்ஜ். நான்தான் கேட்கவில்லை. அத்தைக்கு வெந்நீர், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம், சமையல் மேடை என்று சர்வீஸ் அபார்ட்மெண்டாகத் தேடினேன். "மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து 5 நிமிட நடை" என்று நீலத் திரைச்சீலையோடு இந்தப் படம் வந்தது. ஒரு நாளைக்கு 3,200.

போனில் பேசியவர் அவ்வளவு மரியாதை. வார்த்தைக்கு வார்த்தை மேடம். "லாங் வீக்கெண்ட் மேடம், அட்வான்ஸ் மட்டும் போட்டா ரூமைப் பிடிச்சு வைக்க முடியாது, இன்னும் மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்றார். இரண்டு நாள் வாடகையும் முழுதாக யுபிஐயில் போட்டேன். பணம் போன திரையில் அபார்ட்மெண்ட் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது. கண்ணில் பட்டது. ஓனர் பெயராக இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பத்தாதற்கு, அவரே ஏற்பாடு செய்வதாகச் சொன்ன இரண்டு நாள் காருக்கும் 2,000 அட்வான்ஸ். காருக்கு மட்டும் மொத்தம் 7,500, "எல்லாம் சேர்த்து".

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். அங்கிருந்து தி.நகர் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், டாக்ஸி 850 ரூபாய். தெற்கு உஸ்மான் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. கட்டடம் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார், கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒரு பையனும் வந்தான். வந்தவன் பையைத் தூக்கவில்லை. "மேடம், நேத்து நைட் ஏசி லீக் ஆகி மெத்தையெல்லாம் நனைஞ்சுடுச்சு. ஓனர் உங்களுக்கு இதைவிடப் பெரிய ஃபிளாட் கொடுக்கச் சொல்லிட்டாரு. கார் ரெடி."

அந்த ரூமையே ஒரு தடவை காட்டு என்றேன். சாவி ஓனரிடம் இருக்கிறதாம். ஓனர் போனை எடுக்கவில்லை. பெரிய ஃபிளாட் எங்கே என்றால் "மேடவாக்கம் தாண்டி, மகாபலிபுரம் போக உங்களுக்குப் பக்கம் மேடம்" என்கிறான். பணத்தைத் திருப்பிக் கொடு என்றதற்கு, "அது ஆபீஸ்ல ஏழு நாள் ஆகும்" என்றான், மனப்பாடம் செய்த மாதிரி.

அந்த நேரத்தில் நாங்கள் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். சந்து ஓரத்தில் ஐந்து பை. ஒரு பையின் மேல் அத்தை, முட்டி மடங்காமல் காலை நீட்டிக்கொண்டு. சின்னவன் தூக்கக் கலக்கத்தில் என் புடவையைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்காரர் நான்கு லாட்ஜுக்குப் போன் போட்டார். மூன்றில் இடம் இல்லை, நான்காவதில் ஒரு நாளுக்கு 5,500. நான் அந்தப் பையனிடம் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அத்தை மெதுவாக என்னைக் கூப்பிட்டு, பாத்ரூம் போக வேண்டும் என்றார். அவ்வளவுதான். காரில் ஏறிவிட்டோம்.

பிற்பாடு யோசித்தால், அவர்கள் தொழிலே இந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. போனிலேயே மேடவாக்கம் என்றிருந்தால் வேண்டாம் என்று வைத்திருப்பேன். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர்கள், வயதானவர், குழந்தை, பை, லீவு நாள், ஊரில் வேறு ரூம் கிடையாது. இதெல்லாம் சேரும் வரை காத்திருந்துவிட்டு அப்புறம் வாயைத் திறக்கிறார்கள். வாட்ச்மேன் எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அர்த்தம் அப்போது புரியவில்லை. எங்களுக்கு முன்னால் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையில் புழுதி குடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அத்தை ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறியதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே ஏறினேன். ஃபிளாட் பெரியதுதான், பொய் இல்லை. பீரோ இரண்டிலும் பூட்டு. யாரோ வீட்டைக் காலி செய்யாமலே வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். குழாயைத் திறந்தால் முதலில் காற்று, அப்புறம் ஒரு இருமல், அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர். கட்டில் விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. அந்தப் பையன் அங்கே வைத்துத்தான் 3,000 ரூபாய் டெபாசிட் கேட்டான். போனில் டெபாசிட் என்ற பேச்சே இல்லை. கொடுத்தோம். வேறு என்ன செய்ய?

கார் கதையும் கேளுங்கள். அவர்கள் போட்டுக்கொடுத்த திட்டத்தில் வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம். பாந்தியன் சாலையில் போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. அந்த மியூசியத்துக்கு வாரா வாரம் வெள்ளிதான் விடுமுறை. இது சென்னையில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியாதா? தெரியும். "ஆபீஸ்ல கொடுத்த லிஸ்ட்டும்மா, நான் என்ன பண்றது" என்றார். பையன் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். இதில் என் தப்பும் உண்டு, ஒரு நிமிஷம் தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் மயிலாப்பூர் மட்டும் கூட்டத்தோடு கூட்டமாக நன்றாக இருந்தது. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் கிட்டத்தட்ட முடியும் நேரம். அத்தை ஒரு செட்டியார் பொம்மை ஜோடியைக் கையில் எடுத்து, திருப்பி, அடியில் தட்டிப் பார்த்து, 300 சொன்னதை 180க்கு வாங்கினார். படத்தைப் பார்த்து 6,400 ரூபாய் அனுப்பிய நான் பக்கத்தில் நின்று பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி கவரைப்பேட்டையில் ரயில் விபத்து என்று டிவியில் ஓடியதும் ஊரிலிருந்து ஒரே போன். அந்த ஃபிளாட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் ஏறி நின்று, நாங்கள் பஸ்ஸில் வந்தோம், நாங்கள் வந்த பாதையே வேறு, தி.நகரில் பத்திரமாக இருக்கிறோம் என்று நாத்தனாரிடம் சொன்னேன். மேடவாக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சனிக்கிழமை மகாபலிபுரம். டிரைவர் தானே டிக்கெட் எடுத்துவருவதாகச் சொல்லி ஆளுக்கு 100 வீதம் ஐந்து பேருக்கும் 500 வாங்கிக்கொண்டார். போர்டைப் பிறகுதான் படித்தேன். நம்மவர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. கடற்கரைக் கோயிலுக்கு எடுத்த டிக்கெட்டிலேயே அன்றைக்கு ஐந்து ரதத்தையும் பார்க்கலாம். ஆக 120 ஆக வேண்டியது. நடுவில் கற்சிலைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தது தனி. கடைசியில் டோல், பார்க்கிங், பேட்டா என்று 1,350 மேலே கேட்டார். அது 'எல்லாம் சேர்த்து' கணக்கில் வராதாம்.

ஞாயிறு காலை காலி செய்யும்போது அதே பையன் வந்தான். நேரே கட்டிலுக்குப் போய் விரிப்பின் கறையைப் போட்டோ எடுத்தான். டெபாசிட் போச்சு என்றான். எனக்கு வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. பெரியவள்தான், ஏழாவது படிக்கிறாள், "அம்மா, நான் ரூம் டூர் எடுத்தேன்ல" என்றாள். வந்து இறங்கிய கையோடு, பைகூடப் பிரிக்காமல், தோழிகளுக்குக் காட்ட வீடு முழுக்க வீடியோ எடுத்திருக்கிறாள். அதில் கறை பளிச்சென்று தெரிகிறது, பின்னால் இவனே டெபாசிட் கேட்கும் குரலும் பதிவாகியிருக்கிறது. போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்து ஓடவிட்டாள். 2,000 திரும்பி வந்தது. மிச்சம் ஆயிரம் கிளீனிங்காம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டோம். ஜவுளி அரை மணி நேரத்தில் அள்ளிப்போட்டது, பையனுக்குச் சட்டை இப்போதே பற்றவில்லை.

ஊருக்கு வந்து சும்மா இருக்கவில்லை. 1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். சென்னையில் ஏமாந்ததற்குச் சென்னையில் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். எனக்குத் தூத்துக்குடி. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. வாட்ஸ்அப்பில் "தி.நகர், மாம்பலம் ஸ்டேஷன் பக்கம்" என்று அவர்கள் எழுதிய வரி, பணம் போன ரசீது, பெண் எடுத்த வீடியோ, மூன்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். ஒருவேளை உங்களுக்குப் பணமும் போய், போய்ப் பார்த்தால் அங்கே ரூமே இல்லை என்றால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930. அது சைபர் மோசடிக்கான எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு.

கணக்கு டீச்சருக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அவர் போனிலிருந்தே அந்த நம்பருக்குக் கூப்பிடச் சொன்னேன். கதவு நம்பரோடு முழு விலாசம் கேளுங்கள், இப்போதே வீடியோ காலில் ஜன்னலைத் திறந்து கீழே தெருவைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நாள் வாடகைக்கு மேல் முன்னால் தரமாட்டேன் என்று சொல்லுங்கள். மூன்றே மூன்று விஷயம்.

ஸ்பீக்கரில் போட்டார். அதே குரல், அதே மேடம்.

"வீடியோ கால்தானே மேடம், தாராளமா. ஆனா அந்த ரூம்ல இப்ப கெஸ்ட் இருக்காங்க. நீங்க அமௌண்ட்டைப் போட்டுடுங்க, அவங்க காலி பண்ணதும் காட்டுறேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன். "இந்த வாரமே காலி பண்ணிடுவாங்களா சார்?" என்று கேட்டார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இன்னிக்கு சாயங்காலமே மேடம். இன்னும் மூணு பேர் கேட்டுட்டு இருக்காங்க."