999-ல பேச முடியலன்னா 55: லண்டன்ல நான் யூஸ் பண்ண அனுபவம்

யூகேல போலீஸ், ஆம்புலன்ஸ் கூப்பிடற எமர்ஜென்சி நம்பர் 999. மொபைல்ல அத அடிச்சுட்டு வாயத் திறக்க முடியலன்னா 55 அமுக்கி போலீஸ் லைனுக்கு போகலாம், இந்த சர்வீஸ் பேரு சைலன்ட் சொல்யூஷன். யூகே முழுக்க 2002-லேருந்து இருக்கு, ஆனா இங்க பத்து வருஷமா இருக்கற நம்மாளுங்களுக்கே தெரியல, அதான் எழுதறேன்.

போன குளிர்காலம், வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், நானும் பொண்ணும் மாடியில தூங்கிட்டிருந்தோம். கீழ கிச்சன் பக்கம் கண்ணாடி உடையற சத்தம். பிள்ளைய இழுத்துக்கிட்டு பாத்ரூம்ல போய் தாழ்ப்பா போட்டுட்டு மொபைல்ல 999 அடிச்சேன். ஆபரேட்டர் அம்மா எந்த சர்வீஸ் வேணும்னு கேக்கறாங்க, படிக்கட்டுல காலடி சத்தம் கேக்குது, நான் எப்படி வாயத் திறப்பேன்? பேச முடியலன்னா இருமுங்க, இல்ல போனை தட்டுங்கன்னாங்க. கை உறைஞ்சு போயி அதுகூட செய்யல. உடனே ஒரு ரெக்கார்டிங்குக்கு மாத்திட்டாங்க, அது 55 அமுக்கச் சொல்லுது. அமுக்கினேன், நேரா போலீஸ் லைன். அங்க பேசின பொண்ணு அவ்ளோ பொறுமை, ஆமான்னா ஒரு தடவ பட்டனை அமுக்குங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனதும் வீட்டு நம்பரும் போஸ்ட்கோடும் மட்டும் கிசுகிசுன்னு சொன்னேன். போலீஸ் வந்தாங்க, நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.

இதுல நெறைய பேர் தப்பா நினைக்கறது, 999 அடிச்சுட்டு சும்மா இருந்தாலே போலீஸ் வந்துடும்னு. வராது. அந்த ரெக்கார்டிங்குக்கு 55 அமுக்கலன்னா கால் கட் ஆயிடும். 2013-ல பிளிமத்ல ஒரு பொண்ணு அப்படித்தான் 999 அடிச்சு பேசாம இருந்தாங்க, உதவி வரல, பழைய பார்ட்னர் கையால செத்துப்போனாங்க. அதுக்கப்புறம் 2019-ல இத எல்லாருக்கும் தெரியப்படுத்த பெரிய பிரச்சாரமே பண்ணாங்க. படிச்சப்போ எனக்கு தூக்கமே வரல, அந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சிருந்தா ஒருவேளை அவங்க இருந்திருப்பாங்களோன்னு.

அப்புறம், 99955-னு சேத்து அடிக்காதீங்க, 999 அடிச்சு குரல் சொன்னப்புறம்தான் 55. 55 அமுக்கறதால நீங்க எங்க இருக்கீங்கன்னு போலீஸுக்கு தெரிஞ்சிடாது, அட்ரஸ் எப்படியாவது சொல்லணும். லேண்ட்லைன்ல 55 வேலை செய்யாது, அதுல பதில் இல்லாம வெறும் சத்தம் மட்டும் கேட்டு ஆபரேட்டரால முடிவு பண்ண முடியலன்னா அவங்களே போலீஸுக்கு கனெக்ட் பண்ணுவாங்க. போன் வால்யூம குறைச்சு வச்சுக்கோங்க, அந்தக் குரல் வெளிய கேக்கும்.

காது கேக்காதவங்க, பேச முடியாதவங்க 999-க்கு மெசேஜே அனுப்பலாம், ஆனா முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். 'ரிஜிஸ்டர்'ங்கற வார்த்தைய இங்கிலீஷ்ல டைப் பண்ணி 999-க்கு அனுப்பினா மீதிய அவங்களே சொல்லுவாங்க. இன்னைக்கே பண்ணிடுங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ண ஏன் குறைச்சேன்னா அந்த ரெக்கார்டிங் எனக்கு இங்கிலீஷ்லதான் வந்துச்சு, பயத்துல நடுங்கறப்போ எனக்கே பாதி புரியல, ஊர்லேருந்து வந்து பேரப்பிள்ளைய பாத்துக்கற அம்மாக்களுக்கு எப்படிப் புரியும்? எங்கம்மாவுக்கு நானே தமிழ்ல நாலு தடவ சொல்லிக் குடுத்தேன். இப்போ கேட்டா, "மெஷின் குரல் வந்ததும் ரெண்டு அஞ்சு, தெரியும்டி"ங்கறாங்க.