விடிலித் தட்டிக்கு எது காப்பு: செங்கலா, தகரமா, பலகையா?

ராமநாதபுரம் கடலோரம் சாயல்குடிப் பக்கம், பதநீர் காய்ச்சும் ஓலைக் கொட்டகையைத்தான் விடிலி என்போம். எங்கள் விடிலியில் அடுப்புக்குப் பின்னால் பனைமட்டைத் தட்டி. சூடு தாங்கட்டும் என்று அதன்மேல் தகரம் அறைந்திருந்தோம். இந்த வருஷம் கழற்றிப் பார்த்தால், தகரத்துக்கு ஒன்றுமில்லை. பின்னால் இருந்த மட்டை, விரல் பட்டதும் கரியாக உதிர்ந்தது. ஒரு நாளும் தீ நாக்கு அதைத் தொட்டதில்லை. நாள்கணக்கில் சூடு வாங்கினாலே மரம் மெல்லக் கருகும்; அப்படிக் கருகியது, புதுமரம் பற்றுவதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். நினைக்கவே நெஞ்சு பதறியது. ஓலைக் கூரைக்கு அடியில் அல்லவா நாங்கள் நிற்கிறோம்!

தப்பு தகரத்தில் இல்லை, ஒட்டி அறைந்ததில். மூடிய இரும்பு விறகடுப்புக்கு அமெரிக்காவில் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 211 என்று ஒரு விதி உண்டு. காப்பு இல்லாத மரச்சுவர் அடுப்பிலிருந்து 36 இன்ச் தள்ளி இருக்க வேண்டும். மூன்றரை இன்ச் செங்கலைச் சுவரோடு இடைவெளி விடாமல் கட்டினால் 24 இன்ச் வரை நெருங்கலாம். வெறும் 24 கேஜ் தடிமன் தகரத்தைச் சுவரிலிருந்து ஒரு இன்ச் விலக்கி, மேலும் கீழும் காற்றுப் போக விட்டால் 12 இன்ச்சே போதும். கனத்த செங்கலை மெல்லிய தகரம் ஜெயிக்கிறது. கீழே நுழையும் காற்று சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போய்விடுவதுதான் காரணம். நம் அடுப்பு திறந்த அடுப்பு, கச்சான் காற்று வீசினால் தீ வெளியே நீளும். அதனால் அந்த 12 இன்ச்சை நான் நம்ப மாட்டேன். இடம் இருக்கிற மட்டும் தள்ளியே வைப்பேன்.

ஆனால் இந்தக் கரையில் தகரத்துக்கு எமன் உப்புக்காற்று. துத்தநாகப் பூச்சு போட்ட தகரம் முதலில் வெட்டிய ஓரத்திலும் ஆணி ஓட்டையிலும்தான் துருப்பிடிக்கும். எவர்சில்வர் தகடு நீடிக்கும். 304 ரகத்திலும் கடலோரத்தில் பழுப்புக் கறை படியும், மாலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், விலையும் அதற்கேற்ப. எதைப் போட்டாலும், விலக்கி நிறுத்த மரச்சட்டம் வேண்டாம். இரும்புக் குழாயைத் துண்டு போட்டு நடுவில் கொடுங்கள், அடுப்புக்கு நேர் பின்னால் ஆணி வராமல் ஓரங்களில் மாட்டுங்கள்.

நிரந்தர அடுப்படி என்றால் என் கை செங்கலுக்குத்தான் போகும். துருவும் இல்லை, காற்றில் படபடக்கவும் செய்யாது. அதையும் தட்டியை விட்டு விலக்கி, தனிச்சுவராக, அடியில் இரண்டு மூன்று செங்கல் விடுபட்ட ஓட்டைகளோடு கட்ட வேண்டும். கொத்தனார் கடற்கரை மணலை அள்ளிக் கலக்கிறாரா என்று கூடவே நின்று பாருங்கள். அந்த உப்பு ஈரத்தை இழுத்து, சுவர் பூத்து, பூச்சு செதில் செதிலாகக் கொட்டும்.

பழைய வீட்டில் பிரித்த பவளக்கல் கிடக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். தணல் படும் இடத்தில் அது வேண்டாம். காளவாயில் போட்டுச் சுண்ணாம்பாக்குவதே அந்தக் கல்லைத்தானே. கடலிலிருந்து புதிதாக எடுப்பதோ சட்டப்படி குற்றம்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓட்டுத் துண்டை நிறுத்தி வைக்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள். சூட்டில் வெடித்துச் சிதறும். உடைந்தால் பறக்கிற நார் நுரையீரலுக்குள் போகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. கல்நார் கலக்காத கால்சியம் சிலிக்கேட் பலகை எரியாது, துருப்பிடிக்காது. தகரம் போலவே விலக்கி மாட்டினால் நல்லது. ஜிப்சம் பலகை ஈரத்தில் ஊறிப்போகும். டைல்ஸ் துடைக்க வசதி, அவ்வளவுதான். சூட்டை அப்படியே பின்னால் கடத்திவிடும்.

எங்களுக்கு இந்தப் பருவத்துக்குப் பழைய தகரமே, ஒரு இன்ச் விலகி. பதநீர் காய்ச்சும் தாச்சி கொதித்து ஒரு மணி நேரம் கழித்துத் தட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிறது.