குழித்தட்டா, மண்கட்டியா, நேரடி விதைப்பா? வசந்தத்துக்குத் தோட்டம் தயாராக்கும்போது எது தாமதத்தைத் தாங்கும்

விதைப்பு முறைகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகப் பார்ப்பது மூன்று விஷயம்: எது சீக்கிரம் முளைக்கும், எதற்குச் செலவு குறைவு, எதில் இடுப்பு கம்மியாக வலிக்கும். பார்க்க வேண்டியதுதான். ஆனால் சில பாத்திகள், ஓரிரு ஆட்கள் என்று ஓடும் சின்னப் பண்ணையில் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி. வானிலை இரண்டு வாரம் தள்ளிப்போனால் இந்த முறை தாங்குமா?

ஏனென்றால் வசந்தம் யார் குறித்த தேதிக்கும் வருவதில்லை. கடைசி உறைபனி நாள் என்று நாம் நாட்காட்டியில் வட்டம் போடுவதே பல வருடக் கணக்கிலிருந்து எடுத்த ஓர் உத்தேசம்தான், அதற்குப் பிறகும் பனி விழுந்த வருடங்கள் தாராளமாக இருக்கும். நாற்று நடவுக்குத் தயாராக நிற்கும், மண் இன்னும் சேறாகக் கிடக்கும். இல்லையென்றால் மண் பொலபொலவென்று இருக்கும், நாற்று இரண்டு இலைகூட விட்டிருக்காது. இரண்டும் ஒரே வாரத்தில் சந்திக்க வேண்டும், அது நம் கையில் பாதிதான் இருக்கிறது. அதனால் கீழே சொல்வதையெல்லாம் அந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறேன்.

விதையை எதில் போடுவது

காத்திருப்பதில் எல்லாவற்றையும் அடித்துவிடுவது நேரடி விதைப்புதான், விதை பொட்டலத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாது. கேரட், முள்ளங்கி, பட்டாணி, பீன்ஸ் இவற்றை நாற்று விட்டு நடுவதில் பெரிய லாபம் இல்லை. கேரட்டைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் கிளைத்துக் கோணிப் போகும். பட்டாணி மண் 10 டிகிரி செல்சியஸ் இருந்தாலே இரண்டு வாரத்தில் தலைகாட்டிவிடும், பீன்ஸ் அப்படியில்லை, குளிர்ந்த ஈர மண்ணில் போட்டால் முளைப்பதற்கு முன் அழுகும், மண் 15 டிகிரியைத் தாண்டும்வரை பொட்டலத்தைத் திறக்காமல் இருப்பது நல்லது.

நேரடி விதைப்பின் உண்மையான விலை களையில் இருக்கிறது. கேரட் 20 டிகிரி மண்ணில் ஒரு வாரத்தில் முளைக்கும், 10 டிகிரியில் இரண்டரை வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் களை முந்திக்கொள்ளும், அப்புறம் மயிரிழை போன்ற கேரட் நாற்றைத் தேடித் தேடிக் களையெடுப்பது என்பது உட்கார்ந்தே நாளைக் கரைக்கும் வேலை. எனவே இந்த முறையை எடுக்கிறவர் பாத்தியின் சுத்தத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. அது எப்படி என்று பின்னால் வருகிறது.

நாற்றாக வளர்த்தே ஆக வேண்டியவை தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைகோஸ் குடும்பம். இங்கேதான் குழித்தட்டுக்கும் மண்கட்டிக்கும் சண்டை.

குழித்தட்டில் 50, 72, 128, 200 குழி என்று பல அளவு கிடைக்கிறது, தட்டின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஒன்றுதான், குழி கூடக் கூட ஒவ்வொரு நாற்றுக்கும் கிடைக்கும் மண் குறையும். விளக்குக்கடியில் இடம் குறைவு என்பதால் எல்லோரும் 128-க்கு ஓடுகிறார்கள். முட்டைகோஸுக்கும் கீரை வகைக்கும் அது சரி, நாலு வாரத்தில் நட்டுவிடலாம். தக்காளிக்கு அது ஒரு கடிகாரத்தை ஓடவிட்ட மாதிரி. நாலு வாரம் தாண்டினால் வேர் குழிச்சுவரைச் சுற்றிச் சுருளும், அடியிலை மஞ்சளிக்கும், தண்டு விறைக்கும், அப்படி நின்றுபோன நாற்றை நட்டால் மண்ணில் மறுபடி கிளம்ப நாள் எடுக்கும். மழை ஒரு வாரம் கூடுதலாகப் பெய்தாலே மாட்டிக்கொள்வோம். 50 குழி எடுத்தால் ஆறு வாரம்வரை நிம்மதி. அல்லது 128-இல் முளைக்கவைத்து, விதையிலைக்குப் பின் இரண்டு நிஜ இலை வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். வேலை இரட்டிப்பு, இருந்தாலும் மிளகாய்க்கு நான் இதைத்தான் சொல்வேன், அது கடைசி உறைபனிக்கு 8 முதல் 10 வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டிய பயிர், அத்தனை நாள் சின்னக் குழியில் அடைத்து வைக்க முடியாது.

மண்கட்டி என்பது ஈரமான நாற்றுக் கலவையை அச்சில் அழுத்தி வெட்டியெடுக்கும் கட்டி, சுவரே கிடையாது. வேர் கட்டியின் விளிம்புக்கு வந்ததும் காற்று பட்டு நுனி காய்ந்து நின்றுவிடும், சுருளாது, உள்ளே கிளை வேர்கள் பெருகும். நட்ட உடனே அந்த வேர்கள் மண்ணுக்குள் பாயும். காத்திருக்கும் திறனில் அதே அளவுக் குழியைவிட இது மேல், சந்தேகமில்லை. பிளாஸ்டிக் தட்டு வருடா வருடம் உடையும் தொல்லையும் இல்லை.

சரி, அப்படியானால் எல்லோரும் ஏன் மாறவில்லை? கலவை செலவு. 5 சென்டிமீட்டர் கட்டி அழுத்தப்பட்டது என்பதால் 72 குழித் தட்டின் ஒரு குழிக்குப் போவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கலவை விழுங்கும். கலவை கூழ்போல நனைந்திருக்க வேண்டும், நார்த்தன்மை குறைந்தால் கட்டி உதிரும், மேலிருந்து வேகமாகத் தண்ணீர் ஊற்றினால் கரையும். எல்லாப் பக்கமும் திறந்திருப்பதால் வெயில் நாளில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஒருமுறை முழுக்கக் காய்ந்த கட்டி மறுபடி தண்ணீர் குடிக்க அடம்பிடிக்கும். பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் தோட்டத்துக்கு வருகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். நாள் முழுக்க அருகில் இருக்கிறவர்கள் தக்காளிக்கும் கத்தரிக்கும் மட்டும் எடுக்கலாம், கீரைக்கெல்லாம் கட்டி வெட்டிக்கொண்டிருப்பது வீண் அலங்காரம்.

பழைய நாற்றங்கால் முறையை யாரும் இப்போது பேசுவதே இல்லை. மூடிய பந்தலுக்குள் ஒரு சின்னப் பாத்தியில் நெருக்கமாக விதைத்து, பிடுங்கி நடுவது. முட்டைகோஸ், வெங்காயம் இரண்டும் இதை நன்றாகத் தாங்கும். வேருக்கு ஆழம் இருப்பதால் நாற்று வாரக்கணக்கில் காத்திருக்கும், கலவை வாங்க வேண்டாம், தினமும் தண்ணீர் காட்ட வேண்டாம். பிடுங்கும்போது வேர் அறுபட்டு சில நாள் வாடும், மேகமூட்டமான மாலையில் நட்டால் அதுவும் குறையும். தக்காளிகூடப் பிழைக்கும், வெள்ளரி குடும்பம் மட்டும் வேரில் கைவைத்தால் கோபித்துக்கொள்ளும்.

சூடு, வெளிச்சம்

இதில் நீண்ட வாதம் வேண்டாம். தக்காளி விதை 25 டிகிரியில் 6 நாளில் முளைக்கும், 15 டிகிரியில் இரண்டு வாரம், 10 டிகிரியில் 40 நாளுக்கு மேல். மிளகாய் இன்னும் சூடு கேட்கும். எனவே அடியில் சூடேற்றும் பாய் இருந்தால் நல்லது, இல்லையென்றால் வீட்டிலேயே வெதுவெதுப்பான மூலை போதும், முளைக்கிறவரை வெளிச்சம் தேவையில்லை. லெட்டூஸ் நேர்மாறு, 20 டிகிரியில் மூன்று நாளில் வந்துவிடும், 5 டிகிரியில்கூட இரண்டு வாரத்தில் எட்டிப்பார்க்கும், சூட்டுப் பாயில் வைத்து 30-ஐத் தாண்டவிட்டால் பல ரகங்கள் தூங்கிவிடும். எல்லாத் தட்டையும் ஒரே பாயில் அடுக்குகிறவர்கள் கவனிக்க.

முளைத்தபின் ஜன்னலா, எல்இடி விளக்கா என்றால், விளக்குதான். குளிர்காலக் கடைசியில் பகல் குறுகல், ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், நாற்று அந்தப் பக்கம் சாய்ந்து நூல்போல நீளும். தினமும் 14 முதல் 16 மணி நேரம் விளக்கு, முளைத்ததும் பாயின் சூட்டை நிறுத்துவது, லேசாக ஒரு விசிறி. சூடு அதிகம் வெளிச்சம் குறைவு என்ற சேர்க்கைதான் நாற்றை நீட்டுகிறது. விசிறிக்கு இன்னொரு பயனும் உண்டு, தண்டின் அடி கறுத்து நாற்று படுத்துவிடும் நாற்றழுகல் நோய் பித்தியம், ரைசோக்டோனியா மாதிரிப் பூஞ்சை அல்லது பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களால் வருவது, அவற்றுக்கு எப்போதும் ஈரமாக இருக்கும் மேல்மண்தான் வேண்டும். அடியிலிருந்து தண்ணீர் காட்டி மேற்பரப்பை உலரவிட்டால் பாதிப் பிரச்சினை போச்சு.

பீட்டா, தேங்காய் நார்த்தூளா

நாற்றுக் கலவைக்கு அடிப்படையாக எதை எடுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. பீட், அதாவது சதுப்பு நிலத்தில் பாதி மட்கிச் சேர்ந்த தாவரப் பொருள், அமிலத்தன்மை உள்ளது, சுண்ணாம்பு சேர்க்காமல் ஆகாது, முழுக்க உலர்ந்தால் தண்ணீரைத் தள்ளும். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்ததை வெட்டியெடுப்பது என்ற உறுத்தலும் உண்டு. நார்த்தூள் மறுபடி நனைவது எளிது, அமிலத்தன்மை குறைவு. ஆனால் சரியாகக் கழுவாததில் உப்பு இருக்கும், சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்குத் தராமல் இழுக்கும், சத்து என்று அதில் கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது. கால்சியம் ஏற்றிப் பதப்படுத்திய நார்த்தூளாக வாங்கி, சலித்த மட்கு உரம் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் எனக்கு நார்த்தூளே போதும். மண்கட்டிக்கு மட்டும் பீட் நன்றாகப் பிடிக்கும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பாத்தி: பவர் டில்லர், கறுப்புத் தார்ப்பாய், உரப் போர்வை

டில்லர் ஓட்டினால் ஒரே மதியத்தில் பார்க்க அழகான பாத்தி. அதன் குறை இரண்டு முனையிலும் இருக்கிறது. ஈர மண்ணில் ஓட்ட முடியாது, ஓட்டினால் களிமண் கட்டிகட்டியாக இறுகி அந்தப் பருவம் முழுக்க உடையாது. கைப்பிடி மண்ணை இறுக்கி, விரலால் தட்டிப் பாருங்கள், உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது, பிசைந்த மாவாக நின்றால் கருவியைக் கொட்டகையிலேயே விடுங்கள். மழை வசந்தத்தில் அந்தப் பதம் வருவதற்கே வாரங்கள் போகும். சரி, ஓட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம், அப்போதும் அந்தப் பாத்தி காத்திருக்காது. கிளறியதில் மேலே வந்த களை விதைகள் வெளிச்சம் பட்டு ஒரு வாரத்தில் பச்சை கட்டும், பெருமழை பெய்தால் மேலே ஓடு தட்டும். கிழங்கோ வேர்த்தண்டோ உள்ள களை இருக்கிற நிலம் என்றால் இன்னும் மோசம், டில்லர் வெட்டிய ஒவ்வொரு துண்டும் தனிச் செடி.

கறுப்புத் தார்ப்பாய் முறையில் நடவுக்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பே பாத்தியை மூடி, ஓரங்களில் மணல் மூட்டை வைத்துவிடுவது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து களை விதை முளைக்கும், வெளிச்சம் இல்லாமல் சாகும். மழை உள்ளே இறங்காததால் மண் சேறாகாது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: நடவு தள்ளிப்போனால் தார்ப்பாய் இன்னும் இரண்டு வாரம் கிடக்கட்டும், பாத்தி கெடாது, களை இன்னும் குறையும். மண் இறுக்கமாக இருந்தால் பிராட்ஃபோர்க்கை, அதாவது இரண்டு கைப்பிடியும் நீண்ட பற்களும் உள்ள கருவியை, குத்தி லேசாக அசைத்துத் தளர்த்தினால் போதும், புரட்ட வேண்டியதில்லை. குறை என்றால் அடியில் நத்தைகள் குடியேறும், முன்கூட்டியே நினைவு வைத்துப் போட வேண்டும், ஆழ வேர் உள்ள பல்லாண்டுக் களை ஆறு வாரத்தில் சாகாது.

கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக்கை விரித்தால் இன்னும் சூடேறுமே என்று கேட்பார்கள். ஏறும், ஆனால் வசந்த வெயில் களையைக் கொல்லும் அளவுக்கு ஏறாது, வெளிச்சமும் கிடைப்பதால் களைக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுத்த கதையாகும். ஒரே ஒரு இடத்தில் அது உதவும்: கேரட் விதைக்கப் போகும் பாத்தியில் களையை வேண்டுமென்றே முளைக்கவைத்து, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு, மண்ணின் மேல் இரண்டு சென்டிமீட்டருக்குள் மட்டும் கொத்தி அழித்து, அதற்குப்பின் கிளறாமல் விதைப்பது. முன்னால் சொன்ன பாத்தியின் சுத்தம் இதுதான்.

மூன்றாவது, மண்ணைத் தொடாமல் மேலே 10 சென்டிமீட்டர் மட்கு உரம் போர்த்தி அதிலேயே நடுவது. தாமதத்துக்கு இதுவும் அசையாது, மழை பெய்த மறுநாளே பாத்தி நடவுக்குத் தயார். கணக்குதான் பயமுறுத்தும், 75 சென்டிமீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம் உள்ள ஒரே பாத்திக்கு ஒரு கன மீட்டருக்கு மேல் உரம் வேண்டும். இருபது பாத்திக்கு அதை வண்டியில் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். நான் சொல்வது, கேரட்டுக்கும் கீரைக்கும் ஒதுக்கிய இரண்டு மூன்று பாத்திக்கு மட்டும் போர்வை, மற்றதெல்லாம் தார்ப்பாய், புதிதாகப் புல்வெளியைத் திறக்கும் முதல் வருடம் மட்டும் டில்லர்.

உரம் வெளியிலிருந்து வாங்குவதாக இருந்தால் இன்னொன்று. மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைராலிட் வகைக் களைக்கொல்லி வைக்கோலிலும் சாணத்திலும் தங்கி, மட்கியபின்னும் வீரியத்தோடு இருக்கும், தக்காளியும் பீன்ஸும் அதில் சுருண்டுவிடும். அதனால் மொத்தமாக இறக்குவதற்கு முன் ஒரு மூட்டை மட்டும் எடுத்து, பாதி உரம் பாதி சுத்தமான கலவை என்று நாலைந்து தொட்டியில் நிரப்பி பீன்ஸ் போடுங்கள், உரமே இல்லாத இரண்டு தொட்டியிலும் போட்டுத் தள்ளி வையுங்கள். மூன்று வாரத்தில் புது இலைகள் கிண்ணம்போலக் குவிந்து முறுக்கினால் அந்த உரம் பாத்திப் பக்கமே வரக் கூடாது. மிளகாய் விதைக்கும் அதே நாளில் இதையும் ஆரம்பித்துவிட்டால், லோடு சொல்வதா வேண்டாமா என்பது தார்ப்பாய் விரிக்கும் வாரத்துக்குள் தெரிந்துவிடும்.